கண்டு கேட்கும் இசை

இசை செவிக்குரியது, ஓவியம் கண்ணுக்குரியது என்று வகுத்துச் சொல்லுதல் எளிது. ஆயினும் மக்கள் வழங்கும் மொழி இவ்வகுப்பை முற்றும் ஏற்பதில்லை. “நேற்றுக் கச்சேரி பார்த்தேன்” என்று ஒருவர் சொன்னால் எவரும் வியப்பதில்லை. இலக்கணம் கற்றோர் சிலர், “கேட்டேன் என்றன்றோ சொல்ல வேண்டும்?” எனத் திருத்த முற்படலாம். திருத்த வேண்டுவதில்லை. அவ்வழக்கில் ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. அவ்வுண்மையை நம் பேரிலக்கியங்கள் நன்கு அறிந்திருந்தன. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது ஓர் இளைஞனின் வினா. நம் சங்கத்து நண்பர் ஒருவரின் மகன் அவன். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், கல்லூரியில் பயில்பவன். சங்கத்தின் இசை நிகழ்ச்சிக்கு அழைத்தபோது அவன் பணிவோடு கேட்டான்: “மாமா, இவர் பாடிய கல்யாணி என் கைப்பேசியிலேயே ஆறு பதிவு இருக்கிறது. ஒலியும் தெளிவாக இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து கேட்பதில் புதிதாக என்ன கிடைக்கும்?”

இவ்வினாவை இளமையின் துடுக்கு என ஒதுக்குதல் தகாது. தாய்நிலத்தை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இது உயிரான வினா. நம் சபைகளின் நாற்காலிகள் நிறைவதும் வெறுமையாவதும் இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தவை. “நேரில் கேட்டால்தான் நன்றாக இருக்கும்” என்பது விடையாகாது. ஏன் நன்றாக இருக்கும் என்று சொல்ல வேண்டும். அவ்விடையைத் தேடி முதலில் சிலப்பதிகாரத்துக்குச் செல்வோம்.

நிழல் விழாத அரங்கு

அரங்கேற்று காதை மாதவியின் ஆடலைச் சொல்லும் பகுதி என்று பொதுவாகக் கூறுவர். உண்மையில் அக்காதையின் பெரும்பகுதி ஆடலுக்கு முன் செய்யும் ஏற்பாடுகளைப் பற்றியது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் இளங்கோவடிகள் நிரல்பட உரைக்கின்றார். அதன்பின் அரங்கின் அளவுகள் வருகின்றன. இருபத்துநான்கு விரல் அளவுடைய மூங்கிற் கோல் கொண்டு அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக மேடை அமைக்கப்படுகிறது. மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல் இடைவெளி. உள்ளே புகவும் வெளியே வரவும் இரு வாயில்கள், மூவகைத் திரைகள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சிறு குறிப்பு என் உள்ளத்தைக் கவர்வது. தூண்களின் நிழல் புறத்தே சாயும்படி விளக்குகளை நிறுத்தினர் என்கிறார் அடிகள். அரங்கின் நடுவிடத்தும் அவையிடத்தும் நிழல் படாதவாறு என உரை அதனை விளக்கும். அரங்கில் நிழல் படலாகாது என்பது எவருக்கும் விளங்கும். ஆடுபவள் தெரிய வேண்டும். அவையின்மேல் நிழல் படலாகாது என்பது ஏன்? அவையோரின் முகமும் தெரிய வேண்டும் என்பதனால் அன்றோ? காண்பவரும் காணப்பட வேண்டும் என்னும் எண்ணம் அவ்விளக்கு வைப்பில் ஒளிர்வதாக நான் கருதுகிறேன். இந்தக் குறிப்பை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஒன்றன் வழி ஒன்று

இசைக்கருவிகள் ஒலிக்கத் தொடங்கும் முறையையும் அக்காதை சொல்கிறது. குழலின் வழியே யாழ் நின்றது. யாழின் வழியே தண்ணுமை. தண்ணுமையின் பின்னே முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை. ஈண்டுப் பேசப்படுவது வெறும் ஒலிக்கோவையன்று. ஒருவரை ஒருவர் பின்பற்றும் மனிதர்களின் வரிசை அது. இன்றைய கச்சேரி மேடையை முன்வரிசையில் அமர்ந்து காண்பவர்க்கு அவ்வரிசை இன்றும் உயிரோடு இருப்பது தெரியும்.

பாடுபவர் நடுவே அமர்கிறார். அவருக்கு இடப்புறம் வயலின், வலப்புறம் மிருதங்கம். பின்னே தம்புரா. மிருதங்கக் கலைஞர் தமக்கு முன் உள்ள கருவியைக் கல்லாலும் கட்டையாலும் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கிறார். தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் பிசைந்த ரவையை அப்புகிறார், ஒலி கனக்கிறது. இந்த ஆயத்தத்தை எந்த இசைத்தட்டும் பதிந்து வைப்பதில்லை. பதிய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ஆனால் அவையில் இருக்கும் சிறு பிள்ளைக்கு இசை என்பது எங்கிருந்தோ வருவதன்று, தோலும் மரமும் மாவும் மனிதன் கையும் சேர்ந்து உண்டாக்குவது என்னும் முதற்பாடம் அங்கேதான் கிடைக்கிறது.

பின்னர் ஆலாபனை. பாடகர் ஒரு சொற்கட்டும் இல்லாமல் இராகத்தின் வடிவை மெல்ல மெல்ல எழுப்புகிறார். வயலின் கலைஞர் நிழல்போல் பின்தொடர்கிறார். அவர் கண்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வில்லின்மேல் இல்லை, தந்தியின்மேல் இல்லை, பாடகரின் முகத்தின்மேல் இருக்கின்றன. அடுத்த பிடி எங்கே செல்லும் என்பதை அவர் அறியார். பாடகரே முழுதும் அறியார் எனலாம். அறியாத ஒன்றை இருவரும் ஒருங்கே அடைகின்றார்கள். பதிவில் நாம் கேட்பது அவர்கள் அடைந்த இடத்தை. அரங்கில் நாம் காண்பது அவர்கள் தேடும் வழியை.

தண்ணுமையோனின் இலக்கணத்தைக் கூறும்போது ஆக்கல், அடக்கல் என்னும் இரு சொற்களை இளங்கோவடிகள் ஆள்கின்றார். பிற கருவிகளின் ஒலியில் குறையும் இடத்தை நிரப்புதலும், மிகும் இடத்தை அடக்குதலும் அவன் கடமை என உரை விளக்கம் தரும். இதனினும் சிறந்த விளக்கத்தை இன்றைய பக்கவாத்தியத்துக்கு எவரும் எழுதிவிட முடியாது. பாடகருக்கு மூச்சு வாங்கும் கணத்தில் மிருதங்கம் ஓர் அழகிய சொல்லைப் போட்டு அவ்விடத்தை நிரப்புகிறது. அவர் மென்மையாக மேற்காலத்தில் நிற்கும்போது விரல் நுனியளவுக்கு அடங்கிவிடுகிறது. செவி இதனை விளைவாக உணர்கிறது. கண்ணோ இதனை ஓர் அறமாகக் காண்கிறது. மற்றொருவன் சிறக்கத் தான் அடங்குதல் அறமன்றி வேறென்ன?

மேடையில் அமரும் இடமும் இவ்வுறவைச் சார்ந்ததே. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கை வாசிப்பினர். வலக்கையினர் அமரும் வழக்கமான இடம் அவருக்குப் பொருந்தாமையால் மேடையின் அமைப்பே அவர் பொருட்டு ஒரு சிக்கலாயிற்று. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஒலிபெருக்கி இன்றிக் கச்சேரி நடைபெற வேண்டும் என வற்புறுத்தியவர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பெருங்கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று மைசூர் சௌடையா (1895–1967) ஏழு தந்தி வயலினைக் கையாண்டார். மூவர் செய்கைகளும் வெவ்வேறு திசையில் செல்பவை போலத் தோன்றும். எனினும் அமரும் இடம், தொலைவு, உடலின் ஆற்றல் ஆகியவை இசைக்குப் புறம்பானவை அல்ல, இசையின் உறுப்புகளே என்பதை மூன்றும் காட்டுகின்றன.

சிந்தாமணி தரும் அளவுகோல்

இங்கே ஒரு தடை எழும். “கண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் இசையரங்கு வேடிக்கையாகிவிடாதா? சிலர் பாடும்போது வாயைக் கோணுகின்றனர், கையை வீசுகின்றனர். கண்ணை மூடிக்கொண்டு கேட்பதே மேல் அன்றோ?” என்பர். நியாயமான தடைதான். இதற்குத் திருத்தக்கதேவர் முன்பே விடை எழுதி வைத்துள்ளார்.

சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகம் ஓர் இசைப்போரை நடுவாகக் கொண்டது. யாழில் தன்னை வெல்பவனையே தத்தை மணப்பாள். அவள் பாடுவதைப் புலவர் எவ்வாறு புகழ்கின்றார்? புருவம் உயரவில்லை, கண் அலையவில்லை, மிடறு விம்மவில்லை, பல் வெளியே தோன்றவில்லை. இசையின் இனிமையைச் சொல்ல வந்த புலவர் நான்கு காட்சிகளைச் சொல்லுகின்றார். அதுவும் நான்கு இன்மைகளை. முயற்சி முகத்தில் தெரியாதபடி பாடுதலே பயிற்சியின் முதிர்ச்சி என்பது அவர் துணிபு. பின்னர்ச் சீவகன் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களில் மரத்தின் குற்றமும் நரம்பின் குற்றமும் கண்டு விலக்குவதும் ஆராய்ந்து நோக்கும் கண்ணின் தொழிலே.

ஆதலின் காண்டல் என்பது வேடிக்கை பார்த்தல் அன்று. அது திறனாய்வின் ஒரு கருவி. மேடையில் உள்ளவர் எளிதாகச் செய்கின்றாரா, எளிது போல நடிக்கின்றாரா, அருமையான இடத்தை அஞ்சித் தவிர்க்கின்றாரா, அஞ்சினும் துணிந்து செல்கின்றாரா என்பவற்றைச் செவியும் கண்ணும் சேர்ந்தே அளக்க முடியும். ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய இசை விமரிசனங்கள் எளிய வாசகரையும் ஈர்த்தமைக்கு, அரங்கைக் கண்முன் நிறுத்திய அவருடைய நடையும் ஒரு காரணம். நம் தில்லியிலேயே வாழ்ந்த சுப்புடு (1917–2007) பகலில் மத்திய அரசின் நிதித்துறையில் பணிபுரிந்து, மாலையில் சபைகளில் அமர்ந்து எழுதியவர். அவர் தீர்ப்புகளில் பலருக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் இசையை அதன் இடத்துக்குச் சென்று சந்தித்தே அவர் தீர்ப்பளித்தார் என்பதை மறுப்பார் இலர்.

கண்ணின் பசியை அறிந்துகொண்ட கலை திரைப்படம். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் திரைப்படமாக வந்தது. நாம் கேட்ட நாகசுவரம் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுடையது. நாம் கண்ட கன்னமும் கழுத்து நரம்பும் விரல்களும் சிவாஜி கணேசனுடையவை. ஒலி ஒருவருடையது, உடல் மற்றொருவருடையது என்று அறிந்தே மக்கள் மகிழ்ந்தனர். நாகசுவரம் ஊதுபவரின் மூச்சுப் படும் பாட்டைக் காணாமல் அவ்விசை முழுமை பெறாது என்பதை நடிகரும் இயக்குநரும் உணர்ந்திருந்தனர். நடிப்பில் அத்துணை உழைப்புத் தேவைப்பட்டது எனின், உண்மையாகவே ஊதுபவரைப் பத்தடித் தொலைவில் நின்று காண்பதன் பேறு எத்தகையது!

எவரை நோக்கிய பாட்டு?

இதுவரை இசைப்பவரை நாம் காண்பதைப் பற்றிப் பேசினோம். நம்மை இசைப்பவர் காண்பதைப் பற்றி இனிப் பேச வேண்டும். இதற்குக் கானல்வரியை விடச் சிறந்த சான்று இல்லை.

கடற்கரைச் சோலையில் யாழ் மாதவியின் கையிலிருந்து கோவலனுக்கும், அவன் கையிலிருந்து மீண்டும் அவளுக்கும் மாறுகிறது. தந்திகளின்மேல் படரும் மாதவியின் மெல்விரல்களை இளங்கோவடிகள் காந்தளாகவும் வண்டினமாகவும் காட்டுகின்றார். கேட்கும் பாட்டுக்கு முன் காணும் விரல்களை வைக்கின்றார். பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. கோவலன் பாட்டில் வேறொருத்தியின் நினைவு இருப்பதாக அவள் எண்ணினாள். அவளும் தன் நெஞ்சில் வேறொருவன் இருப்பது போன்ற குறிப்புத் தோன்றப் பாடினாள். அவன் எழுந்து சென்றான். ஒரு காப்பியத்தின் விதி ஒரு மாலைப் பாட்டில் திரும்பிவிட்டது.

ஊழ்வினை யாழின்மேல் வந்து நின்றது என்பது அடிகளின் கூற்று. அதனோடு மாறுபடாமல் மற்றொன்றும் சொல்லலாம். நேரில் பாடும் பாட்டு எப்போதும் எவரையோ நோக்கிச் செல்கிறது. எதிரே இருப்பவர் அதனைத் தமக்கெனக் கொள்கிறார். அதனால் அது புண்படுத்தவும் வல்லது, ஆற்றவும் வல்லது. இசைத்தட்டு எவரையும் நோக்கிப் பாடுவதில்லை. நாம் அழுதாலும் எழுந்து சென்றாலும் அது தன் போக்கில் சுழலும். கானல்வரியின் பாட்டு கேட்டவனை இழந்தது; கேட்டவன் பாடியவளை இழந்தான். அந்த இடர் இருப்பதனாலேயே நேரில் கேட்கும் இசைக்கு உயிர் இருக்கிறது.

பொருநராற்றுப்படை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வழிப்பறி செய்யும் கள்வரும் பாலை யாழின் இசை கேட்டுத் தம் படைக்கலங்களைக் கீழே போடுவர் என்கிறார் முடத்தாமக்கண்ணியார். அவர்களை மாற்றியது தொலைவில் எங்கோ ஒலித்த ஓசையன்று. தங்கள் முன் அஞ்சாமல் நின்று இசைத்த ஒரு வறிய கலைஞனின் பாட்டு என்று கொள்ளுதல் பொருந்தும்.

இசைத்தட்டுக்கு நன்றி

பதிவிசையைப் பழிப்பது என் நோக்கம் அன்று. பழித்தால் அது நன்றி கொன்ற செயலாகும். எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் வயதிலேயே மறைந்தார். அவர் குரலைத் தட்டுகளே நமக்குக் காத்துத் தந்தன. டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இசைத்த தோடியின் சாயலை இன்றும் நாம் அறிவது தட்டினாலேயே. ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு வானொலி செய்த உதவியைச் சொல்லி முடியாது. அகில இந்திய வானொலி 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சிக்காக, அண்டை வீட்டாரையும் அழைத்து ஒரே வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்ததை முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனினும் ஒன்றை நோக்க வேண்டும். பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே அடங்கும். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைபெறச் செய்த கச்சேரி முறையோ வர்ணத்தில் தொடங்கி, கிருதிகளின் வழியே ஏறி, இராகம் தானம் பல்லவியில் முகடு தொட்டு, சிறு பாடல்களில் இறங்கி வரும் ஒரு மாலைப் பயணம். தட்டு அப்பயணத்தின் ஒரு நிழற்படம். இன்றைய கருவிகள் முழுப் பயணத்தையும் பதிந்து தருகின்றன, காலக்குறை நீங்கிவிட்டது. ஆனால் விரும்பாத இடத்தைத் தாண்டிச் செல்லும் வசதியையும் உடன் தந்துவிட்டன. அரங்கில் அவ்வசதி இல்லை. முதலில் மனம் பற்றாத இராகத்தையும் பொறுத்து அமர்ந்து கேட்கிறோம். பத்தாம் நிமிடத்தில் அது நம்மைப் பற்றிக்கொள்கிறது. பொறுமைக்குக் கிடைக்கும் அப்பரிசு தாண்டிச் செல்பவர்க்குக் கிட்டாது.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில் வரும் ரங்கண்ணா மேடையை அவசரப்பட்டு நாடுவதை விரும்பாதவர். சாதகமே அவருக்குப் பெரிது. அரங்குக்கு எதிரான வலிமையான குரல் அது என்று சிலர் கருதுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ரங்கண்ணாவின் சிறிய கூடத்தில் குருவும் மாணவனும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். கேட்பவன் ஒருவனே ஆயினும் அவனும் ஓர் அவையே. அவர் ஐயுற்றது புகழை, நேர்முகத்தை அன்று.

பெருந்தொற்று கற்பித்த பாடம்

2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது அரங்குகள் மூடப்பட்டன. அவ்வாண்டு சென்னையின் மார்கழிக் கச்சேரிகள் பலவும் இணைய வழியே வந்தன. படம் தெளிவு, ஒலி தெளிவு. வயலின் கலைஞரின் விரலை முன்வரிசையினரும் காணாத அளவுக்கு அருகில் காட்டினர். காண்பதே இன்பம் எனின் அவ்வின்பம் அன்று முழுமையாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா? இராகம் ஒன்று முடிந்தது. பாடகர் தலைநிமிர்ந்தார். எதிரே எவரும் இல்லை. கைதட்டல் இல்லை, “பலே” என்னும் ஒரு மெல்லிய குரலும் இல்லை. அவர் பார்வை எங்கே தங்குவது என்று அறியாமல் தம்புராவின்மேல் இறங்கியதைக் கண்டபோது, குறை நம்மிடம் இருப்பதை உணர்ந்தேன். நாம் அவரைக் கண்டோம். அவர் நம்மைக் காணவில்லை.

இப்போது அரங்கேற்று காதையின் விளக்குகளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவையின்மேலும் நிழல் விழலாகாது. நேரில் கேட்கும் இசையின் இன்பம் ஒலியின் மிகுதியால் வருவதன்று. காட்சியின் கூர்மையால் மட்டும் வருவதும் அன்று. இசைப்பவரும் கேட்பவரும் ஒருவரை ஒருவர் காண்பதால் வருவது. தொடையில் தாளம் போடும் கிழவரின் கை, தலையசைக்கும் அம்மையாரின் முகம், கூர்ந்து நோக்கும் சிறுமியின் கண் ஆகிய இவை மேடைக்குத் தெரிகின்றன. தெரிவதனால் மேடை மாறுகிறது. ஆதலின் அவையில் இருப்பவன் இசையை நுகர்பவன் மட்டும் அல்லன். அதனை ஆக்குவோருள் ஒருவன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால மாலை. பள்ளி மண்டபம் ஒன்றில் மூத்த பாடகி ஒருவர் காம்போதியை விரித்துக்கொண்டிருந்தார். திடீரென மின்சாரம் நின்றது. ஒலிபெருக்கி அடங்கியது. நிகழ்ச்சி முடிந்தது என்றே எண்ணினோம். அவர் நிறுத்தவில்லை. பின்னிருந்த தம்புராவின் மீட்டு முதன்முறையாக எங்கள் காதில் விழுந்தது. பின்வரிசையினர் ஓசை எழாமல் முன்னே வந்து தரையில் அமர்ந்தனர். எவரோ இரண்டு மெழுகுவர்த்திகளைக் கொண்டுவந்து மேடையோரத்தில் வைத்தார். மிருதங்கக் கலைஞர் தம் விரல்களை இறகுபோல் ஆக்கிக்கொண்டார். வயலின் மெலிந்தது. அடக்கல் என்னும் சொல்லின் பொருளை அன்று கண்டேன். ஏறத்தாழ இருபது நிமிடத்துக்குப் பின் விளக்குகள் எரிந்தபோது எவர்க்கும் மகிழ்ச்சி இல்லை. அன்று பாடியதைவிட அப்பாடகி சிறப்பாகப் பாடிய பதிவுகள் இருக்கின்றன. அவை என்னிடமும் உள்ளன. அந்த இருபது நிமிடத்துக்கு அவை ஈடாகவில்லை.

நாம் செய்ய வேண்டுவது

நம் சபைகளைக் கட்டியவர்கள் செல்வர்கள் அல்லர். பெரும்பாலோர் எழுத்தர்களும் ஆசிரியர்களும் கணக்கர்களும் ஆவர். பம்பாயில் 1952இல் உருவான ஷண்முகானந்த சபை, 1963இல் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட பேரரங்கைத் திறந்தது. 1990இல் அவ்வரங்கம் தீக்கிரையாயிற்று. அது மீண்டும் எழுந்தது. இசையைக் கேட்க வேறு வழி இல்லாமலா மீண்டும் எழுப்பினர்? ஒலிநாடாக்கள் வீடுதோறும் நிறைந்திருந்த காலம் அது. கூடி அமர ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே எழுப்பினர்.

அத்தகைய அரங்குகளில் நாம் எவ்வாறு அமர்கின்றோம்? தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் சிற்றுண்டிச் சாலையை நோக்கி எழுகிறோம். கண்ணால் காண வேண்டிய பகுதி கச்சேரியில் ஒன்று உண்டு எனின் அது தனி ஆவர்த்தனமே. மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசி, கோர்வையை மும்முறை அடுக்கி, பாட்டின் எடுப்பில் வந்து இறங்கும் அக்கணத்தை விட்டுவிட்டுக் காப்பி அருந்துகின்றோம். மற்றொரு புதுப்பழக்கம் கைப்பேசியை உயர்த்திப் பதிவு செய்தல். பதிவு செய்யும் கைக்குத் தாளம் போட ஓய்வில்லை. பின்னர்ப் பார்க்கலாம் என்று எண்ணி இப்போது காணாமல் விடுகிறோம். சில அரங்குகளில் அவையை முழு இருளில் ஆழ்த்தும் வழக்கமும் வந்துள்ளது. சபை நடத்துவோர் சிறிதளவேனும் விளக்கை எரிய விடுவார்களாக. இளங்கோவடிகள் காட்டிய வழி அது.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை இராகத்தின் பெயர் சொல்லும் தேர்வுக்கு அழைத்துச் செல்வதுபோல் அழைத்துச் செல்ல வேண்டா. முன்வரிசையில் அமர்த்துங்கள். ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையை மட்டும் கையில் போடக் கற்றுக்கொடுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல், பின்னர் இருமுறை தட்டும் வீச்சும். மற்றவற்றைக் கண் கற்றுக்கொள்ளும். தமிழை எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளையும் அந்த எட்டில் தவறாமல் வந்து சேரும்போது, நாம் அனைவரும் சேரும் இடத்துக்கு அதுவும் வந்து சேர்ந்துவிடுகிறது.

கட்டுரையின் தொடக்கத்தில் வினவிய இளைஞனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். விவாதத்தால் அவனை நான் வெல்லவில்லை. “ஒரு முறை வா” என்றேன், வந்தான். கல்யாணி அன்று அவன் பதிவுகளில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே அமைந்தது. பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் சிறிது கவலையுற்றேன். திரும்பும் வழியில் அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் கேட்டான்: “மாமா, தனி நடக்கும்போது கடம் வாசித்தவர் ஏதோ ஒன்று போட்டார். உடனே மிருதங்கக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார்?”

நானும் அந்தச் சிரிப்பைக் கண்டிருந்தேன். மூத்தவர் போட்ட சொல்லை இளையவர் சிறிது திருகித் திருப்பித் தந்தார். அதனை மூத்தவர் ஏற்றுக்கொண்ட சிரிப்பு அது. நான் விளக்கியதை அவன் கவனமாகக் கேட்டான். அடுத்த நிகழ்ச்சி எந்நாள் என்று அவனே கேட்டுக் குறித்துக்கொண்டான்.